சாவடிப் பொறுப்பாளரின் இரவு

(பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் (லூக்கா 10:25-37) நல்ல சமாரியர் உவமையைக் கேட்டோம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த ஞாயிறு வரும்போதெல்லாம் நாம் மறையுரையில் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். விலகிப்போன குருவைப் பற்றிப் பேசும்போது குருக்களாகிய நாங்கள் சற்று நெளிவோம். லேவியருக்கு ஒரு வரி. பிறகு சமாரியர், அவருடைய எண்ணெய், திராட்சை மது, காயத்துக்குப் போட்ட கட்டு. அத்தோடு விசுவாச அறிக்கைக்கு எழுந்துவிடுவோம்.

உவமையில் இன்னொருவர் இருக்கிறார். சாவடிப் பொறுப்பாளர். அவருக்குப் பெயர் இல்லை. ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை. சமாரியர் ஓர் இரவு தங்கிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டுத் தம் வழியே புறப்பட்டார். திரும்பி வரும்போது மீதியைத் தருவதாக வாக்களித்தார். சரி, அவர் திரும்பி வரும்வரை? குற்றுயிராய்க் கிடந்தவர் ஒரே இரவில் எழுந்து நடந்திருக்க மாட்டார். அவருக்குக் கஞ்சி ஊட்டியது யார்? கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவியது யார்? நள்ளிரவில் அவர் முனகியபோது விளக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தது யார்?

புனித அகுஸ்தினார் அந்தச் சாவடியைத் திருஅவை என்றும், பொறுப்பாளரைத் திருத்தூதர் பவுல் என்றும் விளக்கினார். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அதன் பொருள் நமக்கு உறைத்தது ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்களுக்குக் குருமடத்தில் பாடம் சொல்லித்தந்த முதிய அருட்தந்தை ஒருவர், நெஞ்சில் சளி கட்டி மூச்சுவிட முடியாமல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வென்டிலேட்டரில் இருந்தார். செய்தி கிடைத்ததும் அவருடைய மாணவர்கள் நாங்கள் இருவர், நோயில்பூசுதல் எண்ணெயோடு கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து மணி. கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த செவிலியர், "அஞ்சு நிமிஷம் வெளியே இருங்க ஃபாதர்" என்றார். ஐந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாயிற்று. எங்களுக்குக் கோபம் வந்தது. கதவைத் தட்டி, அவர் உயிர் பிரிந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டோம். நாங்கள் பயன்படுத்திய தொனி இன்றும் நினைவிருக்கிறது. பீடத்தில் நின்று பேசும் வாய் அது.

அந்தப் பெண் பதில் பேசவில்லை. கொஞ்சம் கழித்து வந்து கதவைத் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில், "வயித்தாலே போயிருந்தது ஃபாதர். எல்லாம் தொடச்சு, துணி மாத்தி, படுக்கை மாத்தினோம். பெரிய ஃபாதரை அந்தக் கோலத்துல நீங்க பார்க்கக் கூடாதுன்னுதான்" என்றார்.

உள்ளே போனோம். எங்கள் ஆசிரியர் கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு, தலை சீவிவிடப்பட்டுப் படுத்திருந்தார். வாயில் குழாய் இருந்தது. உதடு வெடிக்காமல் ஏதோ தடவியிருந்தார்கள். அந்தச் செவிலியர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பது பிறகுதான் தெரிந்தது. விலகிப்போன குரு யார், சமாரியர் யார் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பிரிவுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிவதில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். குழாய்களையும் எண்கள் ஓடும் திரைகளையும் பார்த்துப் பயந்து வெளியே வருகிறோம். இயந்திரம்தான் நம்மவரைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறோம். ஆகவே இன்று அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து, தொண்டையில் எச்சில் தேங்கி மூச்சுமுட்டி வந்தவர்களில், முதல் மூன்று வாரங்களில் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அந்த மருத்துவமனையில் இருந்த சுவாச இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, அதில் ஒரு ரப்பர் பையை இணைத்துக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். உடனே அத்தனை பேருக்கும் அதையே செய்ய முடிவாயிற்று. ஆனால் கை யாருடையது? மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களுமாக ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். செவிலியர் பக்கத்தில் இருந்து சளியை உறிஞ்சி எடுத்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சன் அதே நகரில் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலர் சொல்கிறார்கள்.

இன்று பையை அமுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேலையை எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ளவில்லை. அது செவிலியரிடமே இருக்கிறது.

இரவு எட்டு மணிக்குப் பொறுப்பேற்கிற செவிலியர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பகலில் பார்த்தவர் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் ஒப்படைக்கிறார். எந்த மருந்து எந்த வேகத்தில் போகிறது, எந்தக் குழாய் எந்த நாள் போட்டது, மருத்துவர் என்ன சொன்னார், வீட்டார் என்ன கேட்டார்கள் என்று ஒன்று விடாமல். பிறகு மணிக்கு மணி எழுத ஒரு பெரிய தாள். இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன், காய்ச்சல், சிறுநீரின் அளவு. சிறுநீரைக்கூடவா மணிக்கு மணி அளப்பார்கள் என்று கேட்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டருக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லை என்று பொருள். மற்ற எண்கள் நன்றாக இருக்கும்போதே அந்தப் பையில் ஆபத்து தெரிந்துவிடும். அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், செவிலியர்.

இயந்திரங்கள் கத்திக்கொண்டே இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் வீண் சத்தம். விரலில் மாட்டியது நழுவியிருக்கும், நோயாளர் இருமியிருப்பார். நல்ல செவிலியர் மணி அடித்ததும் திரையைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பார். உதட்டின் நிறத்தை, நெற்றி வியர்வையை, நெஞ்சு ஏறி இறங்குவதை. கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும்தான் அங்கே முதல் கருவி என்று அவர்களே சொல்வார்கள்.

குழாயில் சளி அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். ஆகவே உறிஞ்சி எடுக்க வேண்டும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகாதிருக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைக்க வேண்டும். கிருமி இறங்காதிருக்க வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் கண் இமைக்க மாட்டார். கண் காய்ந்து புண்ணாகிவிடும். மருந்திட்டு இமையை மூடிவிட வேண்டும். நாம் நாள் முழுதும் நினைக்காமலே இமைக்கிறோமே, அதையும் வேறொருவர் நமக்காகச் செய்யும் இடம் அது.

இவை எல்லாவற்றிலும் கடினமானது, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது. அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்குகிறது. அங்கே இரத்தம் போகாமல் முதலில் சிவக்கிறது, பிறகு கருக்கிறது, பிறகு குழியாகிறது. இடுப்புக்குக் கீழே, குதிகாலில், பின்னந்தலையில், காது மடலில்கூட வரும். குழாய்கள் இழுபடாமல் ஓர் ஆளைத் திருப்ப மூன்று நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலையையும் குழாயையும் பிடித்துக்கொண்டு எண்ண, மற்றவர்கள் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டும். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஓர் இரவில் இத்தனை முறை. செவிலியர் பலருக்கு முதுகுவலி ஏன் என்று இப்போது புரியும்.

இந்த ஒரு வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சியம் உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை 42 ஆண்டுகள் அந்த மருத்துவமனையின் செவிலியர்தான் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், திருப்பிப் போட்டார்கள். அவரோடு வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர் தாக்கப்பட்டபோது பிறந்தேயிராத பெண்கள் வந்து அந்தப் பணியை ஏற்றார்கள். அவருக்கு உணவு தருவதை நிறுத்த வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2011இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் செவிலியரின் பராமரிப்பை மனமாரப் பாராட்டியது. அத்தனை ஆண்டுகளில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை என்பதும் அப்போது நாட்டுக்குத் தெரிந்தது. ஒரு புண்கூட இல்லை! நாம் இறையியலில் மனித மாண்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அவர்கள் அதைத் தோலில் எழுதி வைத்தார்கள்.

இன்னொன்று. மயக்கத்தில் இருப்பவரிடம் செவிலியர் பேசுவார்கள். "ஐயா, இன்னைக்கு வியாழக்கிழமை, காலையில ஏழு மணி. ஊசி போடறேன், கொஞ்சம் வலிக்கும்" என்பார்கள். கேட்கிறதோ இல்லையோ, சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே காது கேட்டுக்கொண்டிருக்கலாம். அதோடு, இரவு பகல் தெரியாத வெளிச்சத்தில் பல நாள் கிடப்பவர்களுக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், செத்துப்போன அண்ணன் வந்து நிற்பதாகச் சொல்வார்கள், மூச்சுக்குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். அதனால்தான் சில நேரம் கையைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். அப்பாவின் கையைக் கட்டிவிட்டார்களே என்று நம் பிள்ளைகள் சண்டைக்குப் போகிறார்கள். போகுமுன் ஏன் என்று கேளுங்கள்.

நம் ஊரில் எந்த மதத்தவரும் செவிலியரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நோயாளரைப் பராமரித்த அருட்சகோதரிகளால் வந்த பெயர் அது. நாம் நினைவுகூரும் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் ஆண் செவிலியர். 1550இல் இத்தாலியில் பிறந்தவர், போர்வீரர், சூதாடி. காலில் ஆறாத புண்ணோடு உரோமை மருத்துவமனைக்கு வந்தார், அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். சூதாட்டத்துக்காகவும் சண்டைக்காகவும் வெளியே அனுப்பப்பட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனம் மாறித் திரும்பி வந்தபோது, கூலிக்கு வந்தவர்கள் நோயாளரைக் கவனிக்காமல் விடுவதைக் கண்டார். அன்புக்காகச் செய்பவர்களைத் திரட்டினார். அந்தச் சபையினர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடும் கொடுக்கிறார்கள்: உயிருக்கே ஆபத்தானாலும் நோயாளருக்குப் பணிசெய்வோம் என்பது அது. கறுப்பு அங்கியில் சிவப்புச் சிலுவை அவர்களுடைய அடையாளம். கொரோனா காலத்தில் அந்த வார்த்தைப்பாட்டை எடுக்காத எத்தனையோ பெண்கள், பாதுகாப்பு உடைக்குள் வேர்த்துக்கொண்டு, வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து அதை நோயாளரின் காதருகே பிடித்து நின்றார்கள்.

ஆனால் கமில்லஸ் அன்புக்காகச் செய்தார் என்பதைச் சாக்காக வைத்து ஒரு தவறு நடக்கிறது. அதை நாம் சொல்லியே ஆகவேண்டும். சேவை, சேவை என்று புகழ்ந்துகொண்டே சம்பளத்தைக் குறைப்பது. உவமையில் சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் புண்ணியத்துக்குச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு தெனாரியம் என்பது இரண்டு நாள் முழுக்கூலி. அதை முன்பணமாகக் கொடுத்தார், மேலே செலவானால் தருவதாகவும் சொன்னார். நம் நாட்டில் 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பதே முறை. பல இடங்களில் ஒரே பெண் இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறார். நம் திருஅவையின் பெயர் தாங்கிய மருத்துவமனைகளும் இந்தக் கேள்வியை முதலில் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பங்கின் பெண்பிள்ளைகள் ஏன் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் விமானம் ஏறுகிறார்கள் என்று வருந்துகிறவர்களுக்கு விடை இதில் பாதியாவது இருக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதை அறிந்தவர். 1957இல், 20 வயதில், நுரையீரல் நோயால் சாகக் கிடந்தார். கொர்னேலியா கராலியோ என்ற இத்தாலிய அருட்சகோதரி, மருத்துவர் எழுதிய மருந்தின் அளவைத் தாமே கூட்டிக் கொடுத்ததால் பிழைத்தேன் என்று சொன்னார். (இன்றைய செவிலியர் இப்படிச் செய்யக் கூடாது, மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்க வேண்டும். நாள் முழுதும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் ஆள் தெரியும் என்பதே அவர் சொல்ல வந்தது.) முதுமையிலும் மாசிமிலியானோ ஸ்திராப்பெத்தி என்ற செவிலியர் தம் உயிரைக் காப்பாற்றினார் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2025இல் ஜெமெல்லி மருத்துவமனையில் நிலைமை மோசமானபோது, கைவிடாமல் எல்லாவற்றையும் முயன்று பாருங்கள் என்று மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டவர் அவரே. உயிர்ப்பு ஞாயிறன்று தம்மை மக்கள் நடுவே சதுக்கத்துக்குக் கொண்டுசென்றதற்காகத் திருத்தந்தை அவருக்கு நன்றி சொன்னார். மறுநாள் காலையில் இறைவனடி சேர்ந்தார்.

இப்போது நம் மக்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் சில காரியங்கள்.

குருவைக் கூப்பிட்டால் செத்துப்போவார் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். அவஸ்தைப்பூசுதல் என்று நம் பாட்டிமார் சொன்னது இப்போது நோயில்பூசுதல். திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும் என்றுதான் எழுதினார், செத்துக்கொண்டிருப்பவர் என்று எழுதவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இது சாகும் தறுவாயில் இருப்பவர்க்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்று தெளிவாக்கியது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்னரே பூசலாம். நோய் முற்றினால் மறுபடியும் பூசலாம். நினைவில்லாதவருக்கும், நினைவு இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார் என்றால் பூசலாம். நெற்றியும் கைகளும் போதும். கையில் ஊசியும் கட்டும் இருந்தால் நெற்றி மட்டும் போதும். "ஃபாதரைக் கூப்பிடுறீங்களா?" என்று செவிலியர் கேட்டால் அவரைத் திட்டாதீர்கள். அவர் உங்களுக்கு நேரம் வாங்கித் தருகிறார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மெழுகுதிரி ஏற்றச் சொல்லாதீர்கள். அங்கே ஆக்சிஜன் ஓடுகிறது, தீப்பிடிக்கும். தீர்த்தத்தை இயந்திரங்கள்மேல் தெளிக்காதீர்கள். கழுத்தில் உத்தரியம் போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கழுத்து நரம்பில் குழாய் இருக்கும். தலையணையில் குத்தி வைக்கச் சொன்னால் செவிலியர் மகிழ்ச்சியாகச் செய்வார். வாயில் குழாய் உள்ளவருக்கு நற்கருணை கொடுக்க முடியாது.

பிறந்த குழந்தை சாகும் நிலையில் இருக்கிறது, குரு வர நேரமில்லை என்றால், பெற்றோர் விரும்பினால் செவிலியரே திருமுழுக்குக் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் திருமுழுக்குக் கொடுப்பதாகச் சொன்னால் போதும். திருஅவை செய்ய நினைப்பதையே செய்யும் எண்ணம் இருந்தால், கொடுப்பவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் அது உண்மையான திருமுழுக்கே. பிறகு பங்கில் தெரிவித்துப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும்.

வென்டிலேட்டரை எடுத்துவிடலாமா என்ற கேள்வி வரும்போது குடும்பம் உடைந்துபோகிறது. எடுத்தால் கொன்ற பாவமா என்று நள்ளிரவில் நமக்குத் தொலைபேசி வருகிறது. 1957 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்கவியல் மருத்துவர்கள் இதே கேள்வியை எழுப்பியபோது விடை சொன்னார்: உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு, பெருஞ்சுமையான அசாதாரண வழிகளைக் கையாளக் கடமை இல்லை. நம் மறைக்கல்வி ஏடும் (எண் 2278) அதையே விளக்குகிறது. பயனில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்ன சிகிச்சையை நிறுத்துவது கொலை அல்ல. சாவைத் தடுக்க இயலாமையை ஏற்பது. ஆனால் சாக வைப்பதற்காக எதையும் செய்யக் கூடாது. வயலை விற்று, வீட்டை அடகு வைத்து, பயனில்லாத நாள்களை வாங்கினால்தான் நல்ல மகன் என்று ஊர் சொல்வதைக் கேட்டுக் குற்ற உணர்வுக்கு ஆளாகாதீர்கள். முடிவெடுக்கும் முன் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள், குருவையும் கூப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சிகிச்சை நின்றாலும் பராமரிப்பு நிற்பதில்லை. வலிக்கு மருந்து, வாய்க்கு ஈரம், சுத்தமான துணி, திருப்பிப் போடுவது இவை கடைசி மூச்சுவரை அவருக்கு உரியவை.

அதன் பிறகும்தான். எங்கள் ஆசிரியர் அடுத்த வாரம் விடியற்காலையில் இறந்தார். நாங்கள் போனபோது இன்னும் உள்ளே விடவில்லை. இம்முறை பேசாமல் நின்றோம். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, பிளாஸ்திரி ஒட்டிய இடத்தைத் துடைத்து, உடம்பு முழுதும் கழுவி, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகளை நெஞ்சில் சேர்த்துவைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். ஆண்டவரின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கியபோது அரிமத்தியா யோசேப்பும் நிக்கதேமும் செய்த வேலை அது. கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. அதை எப்படிச் சுற்ற வேண்டும் என்று அந்தச் செவிலியர் உடன் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண்ணிடம் கேட்டுச் செய்தாராம். முன்பு கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில், அது அவருக்கு நினைவே இல்லை என்று தெரிந்தது. வாசலில் கத்துகிறவர்கள் அவருக்கு நாள்தோறும் உண்டு.

நம் பங்கின் மகள் ஒருவர் இப்போது இதே வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பணி வந்தால் திருப்பலிக்கு வர முடியவில்லை, பாவமா ஃபாதர் என்று ஒருமுறை ஆலய முற்றத்தில் கேட்டார். நோயாளரைப் பராமரிப்பதற்காக வர இயலாதவரைத் திருஅவை குற்றம் சாட்டுவதில்லை. முடிந்த வேறு நேரத்தில் வாருங்கள் என்றோம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. உயிர்ப்புத் திருவிழா இரவில்கூட அவருக்கு இரவுப் பணிதான் என்றார்.

ஆகவே இந்த ஆண்டு பாஸ்கா திருவிழிப்புத் திருப்பலி முடிந்து, மக்கள் எல்லாரும் கலைந்து போனபின், நற்கருணையை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையுமாக நாங்களே அங்கே போனோம். கதவருகே வந்தவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தார். "ரெண்டு மணி ஆகுது ஃபாதர். ஆறாம் பெட்டைத் திருப்பிப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். நாங்கள் நற்கருணைச் சிமிழைப் பிடித்தபடி வெளியே நின்றோம். கண்ணாடி வழியே நான்கு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பது தெரிந்தது. அவர் தலைமாட்டில் குனிந்து, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, பல நாளாய்க் கண் திறக்காத அந்தப் பெரியவரின் காதருகே சொன்னது திறந்திருந்த கதவு வழியே எங்களுக்கும் கேட்டது.

"ஐயா, விடிஞ்சா ஞாயித்துக்கிழமை. இன்னைக்கு ஈஸ்டர். உங்களை வலது பக்கமாத் திருப்பறோம், பயப்படாதீங்க."